ரங்கூன் சந்தையில் ‘அபின் தராசு’: வாங்கும் முன் கோலைப் படியுங்கள்

ரங்கூன் பொஜோ அவுங் சான் சந்தையின் பழம்பொருள் கடைகளில், வெற்றிலைப் பெட்டிகளுக்கும் அரக்குப் பாத்திரங்களுக்கும் நடுவே, பிடில் வடிவத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி கண்ணில் படும். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் ஒடுங்கிய கழுத்து. ஒரு முனையில் இருக்கும் பித்தளை ஆணிதான் அச்சு. கத்தரிக்கோலை விரிப்பதுபோல் மேல்பாதியைத் தள்ளினால் திறந்துகொள்ளும். உள்ளே எலும்பிலோ கருமரத்திலோ செய்த மெல்லிய குச்சி, உள்ளங்கையை விடச் சிறிய பித்தளைத் தட்டு, நூல் கோத்த பித்தளைக் கட்டி ஒன்று. குச்சி முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். எண் ஒன்றுகூட இல்லை.

இது என்ன என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அபின் தராசு.” அந்தப் பெயரோடு விலையும் ஏறிவிடும். பொருள் உண்மையிலேயே அருமையானது. பெயர்தான் சரியில்லை. இந்தக் கருவி எதற்குப் பயன்பட்டது என்பதை அதன் கோலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கக் கால் மணி நேரம் போதும். வாசிக்காமல் வாங்கினால், எடை காட்டாத ஒரு அலங்காரக் குச்சிக்குப் பணம் கொடுத்தவர் ஆவீர்கள்.

தமிழில் இதற்கு நல்ல பெயரே உண்டு: வெள்ளிக்கோல். இரு பக்கமும் தட்டு தொங்கும் தராசு அல்ல இது. ஒரு பக்கம் மட்டும் தட்டு. மறுபக்கம் கோலின் மேல் நகரும் குண்டு. படிக்கல் வேண்டியதில்லை. குண்டை நகர்த்தி, கோல் மட்டமாக நிற்கும் இடத்தின் புள்ளியைப் படித்தால் அதுவே எடை. சீன வணிகர்கள் இதைத் தென்கிழக்காசியா முழுதும் கொண்டுசென்றார்கள். பெட்டி பிடில் வடிவம் கொண்டதற்கும் மறைபொருள் ஏதும் இல்லை: வட்டத் தட்டுக்கு உருண்டைப் பக்கம், நீளக் கோலுக்குக் கழுத்து. மடியில் செருகிக்கொண்டு போகத் தோதான வடிவம்.

கோலை முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். தட்டு தொங்கும் முனைக்கு அருகில் இரண்டு அல்லது மூன்று இடங்களில் துளை போட்டு நூல் கட்டியிருக்கும். இவை பிடிநூல்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துத் தூக்க வேண்டும். தட்டுக்கு மிக அருகில் இருப்பது கனமான பொருளுக்கு. தள்ளி இருப்பது இலேசான பொருளுக்கு. ஒவ்வொரு பிடிநூலுக்கும் கோலின் ஒரு முகத்தில் தனி வரிசைப் புள்ளிகள் உண்டு. நூலைப் பிடித்துத் தூக்கும்போது உங்களைப் பார்க்கும் முகம் எதுவோ, அதைத்தான் படிக்க வேண்டும். வரிசை மாறிப் படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஏன் இரண்டு நூல் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குண்டு 30 கிராம் என்று வையுங்கள். தட்டின் தொங்கு புள்ளிக்கும் பிடிநூலுக்கும் இடைவெளி 3 சென்டிமீட்டர் என்றால், ஒரு கிராம் கூடுவதற்குக் குண்டு 1 மில்லிமீட்டர் நகரும். இடைவெளி 6 சென்டிமீட்டர் என்றால் 2 மில்லிமீட்டர் நகரும். தூரத்து நூலில் நுணுக்கம் கூடும், தாங்கும் எடை குறையும். கிட்ட நூலில் அது தலைகீழ். இதனால்தான் நூல் கட்டும் துளை அரை மில்லிமீட்டர் தேய்ந்து விலகினாலும் அளவு கெட்டுப்போகிறது. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் நிறைய உழைத்த கோல் அது. சேகரிப்பவருக்கு அது நல்ல செய்தி, எடை போட நினைப்பவருக்குக் கெட்ட செய்தி.

இப்போது வெறும் தட்டோடு தூக்குங்கள். இலேசு வரிசைக்கான நூலைப் பிடித்து, குண்டை முதல் புள்ளியில் வைத்தால் கோல் மட்டமாக நிற்க வேண்டும். அந்த முதல் புள்ளிதான் சுழி. மட்டமாக நின்றால் தட்டு, நூல், குண்டு மூன்றும் பெரும்பாலும் அந்தக் கோலுக்கே உரியவை. கனத்துக்கான நூலைப் பிடித்தால் வெறும் தட்டோடு கோல் சமன் ஆகாமல், குண்டை எங்கே வைத்தாலும் குண்டுப் பக்கமே சாயலாம். இதைக் கோளாறு என்று நினைத்துப் பலர் நல்ல கோலை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த வரிசை சுழியில் தொடங்குவதே இல்லை. இலேசு வரிசை முடியும் இடத்துக்குப் பக்கத்து எடையிலிருந்து தொடங்கும். தெரிந்த எடையைத் தட்டில் வைத்துத்தான் அதைச் சோதிக்க முடியும்.

தெரிந்த எடை வேண்டும் என்றதும் கவலைப்பட வேண்டாம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10, 20, 50 கிராம் சோதனைக் கற்கள் மிக நல்லவை. அது இல்லையென்றால் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் போதும். புதிதாக அச்சடித்தபோது அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், அதுவே ஒரு தோலா. தலையின் முடிக்கோடுகள் மழுங்காத காசாகத் தேர்ந்தெடுங்கள். தேய்ந்த காசு குறைத்துக் காட்டும்.

பத்து கிராம் வைத்துக் குண்டு நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருபது, பிறகு முப்பது. பத்துக்கும் இருபதுக்கும் உள்ள தூரமும், இருபதுக்கும் முப்பதுக்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருக்கும். வெள்ளிக்கோலின் இயல்பே அது. அந்தத் தூரத்துக்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

பெரிய புள்ளிகளுக்கு நடுவே பத்துப் பத்தாகப் பிரிவு இருந்தால் அது சீனக் கணக்கு. ஒரு தேல் பத்து மேசாகவும், ஒரு மேஸ் பத்துப் பங்காகவும் பிரியும். பழைய தேல் ஏறத்தாழ 37.5 கிராம், ஆகவே பத்து கிராமுக்கு இரண்டு மேசும் ஆறேழு பங்கும் காட்டும். பத்து கிராமுக்கு மூன்று மேசும் இரண்டு பங்கும் காட்டினால், அந்தக் கோலின் தேல் 31.25 கிராம். சீனாவில் 1930-இல் நடைமுறைக்கு வந்த சந்தை அளவு அது. அப்படியானால் கோல் அதற்கு முந்தையது அல்ல. 1959-இல் சீனா எடைமுறையை மாற்றியபோதும் மருந்துக்கடைகளுக்கு மட்டும் பழைய பிரிவு விட்டுவைக்கப்பட்டது. 31.25 கிராம் தேல் காட்டும் கோல் கைக்கு வந்தால் முதலில் சீன மருந்துக்கடையை நினைக்க வேண்டும், அபினை அல்ல.

பதினாறாகவும் எட்டாகவும் பிரிவு இருந்தால் பர்மியப் பொன் கணக்கு. ஒரு கியாட் எடை 16.33 கிராம், அதில் பதினாறு பெ, ஒரு பெயில் எட்டு யுவே. ரங்கூனில் இன்றும் தங்கத்தின் விலையைக் கியாட் எடைக்குத்தான் சொல்கிறார்கள். சின்ன யுவே வேறொன்றும் அல்ல, நம் குன்றிமணிதான். பெரிய யுவே என்பது மஞ்சாடி. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று நம் பத்தர்கள் வைத்த அதே கணக்கு ஐராவதிக் கரையிலும் நடந்திருக்கிறது. பன்னிரண்டாகவும் எட்டாகவும் பிரிவு இருந்தால் தோலா, மாஷா, ரத்தி என்ற இந்தியக் கணக்கு. அந்த ரத்தியும் குன்றிமணியே. பர்மியக் கணக்கையும் இந்தியக் கணக்கையும் ஒன்றுக்கொன்று சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு: ஏழு வெள்ளி ரூபாயின் எடை சரியாக ஐந்து கியாட். நூற்று நாற்பது ரூபாய் ஒரு பர்மிய வீசை, அதாவது 1.633 கிலோ.

வீசை என்றதும் ஒரு எச்சரிக்கை. பெயர் நம்முடையதே என்றாலும் சென்னை வீசையும் பர்மிய வீசையும் ஒன்றல்ல. சென்னை வீசை நாற்பது பலம், ஏறத்தாழ 1.42 கிலோ. ஊரில் பாட்டி சொன்ன வீசைக் கணக்கை வைத்து இங்குள்ள பழைய எடைக்கல்லைச் சோதித்தால் நல்ல கல்லையே கள்ளக் கல் என்று முடிவுகட்ட நேரும்.

சரி, அபின்? ஆங்கிலேயர் ஆட்சியில் அபின் உரிமம் பெற்ற கடைகளில் விற்றது. அரசாங்கத்தின் கணக்கு தோலாவிலும் சேரிலும் நடந்தது. உங்கள் கோல் பத்துப் பத்தாகப் பிரியும் தேல் கணக்கு என்றால், அது அந்தக் கடைகளின் கணக்குக் கோல் என்று சொல்ல இடமில்லை. சீனக் குடியிருப்புகளில் கைக்குக் கை விற்றவர்கள் தேல் கோலையே வைத்திருக்கலாம். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே கோலில் காலையில் வெள்ளித் துண்டும் மாலையில் மருந்து வேரும் நிறுத்திருக்கலாம். சிறு எடைக்கான பொதுக் கருவி அது. ஒரே ஒரு வேலைக்குப் பிறந்த கருவி என்று தேடுவதே பிழையான தேடல்.

தட்டில் கறுப்புக் கறை இருப்பதைக் காட்டி “பாருங்கள், அபின்” என்று சொன்னால் நம்ப வேண்டாம். பித்தளை தானாகவே கறுக்கும். எண்ணெயும் ஊதுபத்திப் புகையும் படிந்தாலும் கறுக்கும். காய்ச்சிய அபின் பிசுபிசுப்பானது. அதை நேரே தட்டில் வழித்தால் பாதி தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். டப்பியிலோ இலையிலோ வைத்துத்தான் நிறுக்க முடியும். கறையை நாக்கில் வைத்துப் பார்ப்பது அறவே கூடாது. தட்டில் வெள்ளிபோல் மினுங்கும் திட்டுகள் இருந்தால் அது வேறு செய்தி: பாதரசம் பட்ட பித்தளை அப்படி வெளுக்கும், பொன்வேலைக்குப் பாதரசம் கைக்கெட்டும் பொருள். அப்படிப்பட்ட தட்டைத் தேய்க்கவோ சூடுபடுத்தவோ வேண்டாம்.

கறையை விடத் தேய்மானம் நேர்மையாகப் பேசும். குண்டின் நூல் ஒரே இடத்தில் ஓடி ஓடிக் கோலில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தால், அந்த எடையைத்தான் அதிகம் நிறுத்திருக்கிறார்கள். எந்தப் பிடிநூலின் துளை அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்துப் படியுங்கள். இலேசு வரிசை மட்டுமே தேய்ந்த கோல் பொன்னுக்கோ விலையுயர்ந்த மருந்துக்கோ உழைத்தது என்று துணிந்து சொல்லலாம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் பெட்டிகளில் மிகப் பெரிய குறை, குண்டு மாறியிருப்பது. குண்டு தொலைந்தால் ஏதோ ஒரு பித்தளைத் துண்டைக் கட்டி விற்றுவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. சுழி மட்டும் பிசகி, பத்து கிராமுக்கான தூரம் சரியாக இருந்தால் தட்டோ தட்டின் நூலோ மாறியிருக்கிறது. பிழை எல்லா எடைக்கும் ஒரே அளவாக இருக்கும். தூரமே மாறியிருந்தால் குண்டு வேறு. எடை கூடக் கூடப் பிழையும் கூடும். 30 கிராம் குண்டுக்குப் பதில் 27 கிராம் குண்டு கட்டினால் 100 கிராம் பொருள் 111 கிராம் போலக் காட்டும். குண்டின் அடியைக் குடைந்து இலேசாக்கினால் விற்பவனுக்கு இலாபம்; குண்டின் அடியில் துளை போட்டு அடைத்த தடம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். தட்டு மாறிய கோலைத் திருத்திவிடலாம். குண்டு மாறிய கோலுக்குச் சரியான எடையில் புதுக் குண்டு செய்யலாம். ஆனால் அதன் பழைய விலை இனி இல்லை.

அடுத்தது, புதிதாகச் செய்து பழமை பூசியவை. உண்மைக் கோலில் கருமரத்தில் மெல்லிய பித்தளை அல்லது செம்புக் கம்பியை அடித்து இறக்கி, மட்டமாக அரம் போட்டிருப்பார்கள்; விரல் நகத்தால் தடவினால் தட்டாது. எலும்புக் கோலில் நுண்குழி போட்டு மை நிரப்பியிருப்பார்கள். புதியவற்றில் புள்ளி வெறும் சாயம், அல்லது எல்லாக் குழியும் எந்திர ஒழுங்கில் ஒரே ஆழம். பிசினில் வார்த்த கோலில் நீளவாக்கில் வார்ப்புக் கோடு ஓடும். பெட்டியின் உட்பள்ளத்திலும் வெளியிலும் ஒரே கறுப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். வெளிப்புறம் கைபட்டு மெருகேறும், உட்புறம் தட்டு உரசிய வட்டத்தில் மட்டும் தேயும். இவை எல்லாவற்றையும் விட உறுதியான சோதனை மேலே சொன்ன பத்து கிராம் சோதனைதான். போலிக் கோலில் புள்ளிகள் அலங்காரத்துக்கு இட்டவை. எந்த ஊர் எடையோடும் பொருந்தாது.

கோல் எலும்பா தந்தமா என்று கண்டறிவது கட்டாயம். தடித்த முனையின் வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எலும்பு என்றால் ஊசி குத்தியதுபோல் கருமையான நுண்துளைகளும் குட்டைக் கோடுகளும் தெரியும். யானைத் தந்தம் என்றால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள், பாய் முடைந்ததுபோல். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கோல்தான் பாழாகும். தந்தம் என்று தெரிந்தால் வாங்காதீர்கள். ஆசிய யானை 1975 முதல் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் தந்தக் கோலை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. எலும்பு, மரக் கோல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை பர்மாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகக் கொள்கிறது. சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ எடுத்துப்போக நினைப்பவர்கள் முதலில் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

அதே அலமாரியில் ஹின்தா பறவை வடிவ வெண்கல எடைக்கற்கள் வரிசையாக நிற்கும். நம் அன்னத்தின் பர்மிய உருவம் அது. அவற்றையும் “அபின் கல்” என்றே விற்கிறார்கள். அதுவும் தவறு, எல்லாப் பண்டத்துக்கும் பயன்பட்ட பொதுக் கற்கள் அவை, இருதட்டுத் தராசுக்கு உரியவை. வெள்ளிக்கோலோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒரே தொகுப்பு என்று சேர்த்து விற்றால் மறுத்துவிடுங்கள். நூறு, ஐம்பது, இருபது, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று கியாட் என்று இறங்கும் கற்கள். பத்துக் கியாட் கல் 163 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். தேய்மானத்துக்கு ஓரிரு கிராம் விடலாம். இருபது கிராம் பிசகினால் அது அலங்காரப் பொம்மை.

கடை அனுபவம் பற்றிச் சுருக்கமாக. சந்தை 1926-இல் ஸ்காட் மார்க்கெட் என்ற பெயரில் திறந்தது, திங்கட்கிழமை விடுமுறை. சட்டைப்பையில் அடங்கும், 0.01 கிராம் காட்டும் மின்தராசையும் சோதனைக் கல்லையும் கையோடு கொண்டுபோங்கள். கோலைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டியதில்லை. மின்விசிறிக்கு அடியில் சோதிக்க வேண்டாம், தட்டு ஆடிக்கொண்டே இருக்கும். மொகல் தெரு என்று நம் பெரியவர்கள் சொல்லும் ஷ்வே போந்தா தெருவின் நகைக்கடைகள் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சந்தேகம் இருந்தால் குண்டை அங்கே ஒருமுறை நிறுத்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகள் இன்னும் கொடியவை. பித்தளை என்றதும் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். இங்கே கூடாது. 30 கிராம் குண்டிலிருந்து 0.3 கிராம் தேய்ந்து போனாலும் அளவு நூற்றுக்கு ஒன்று பிசகிவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது மட்டும் போதும். பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியின் நுனியால் மெதுவாகச் சுரண்டுங்கள். அறுந்த தட்டு நூலை மாற்றும்போது பட்டு நூலையே போடுங்கள். பழைய நூலை எறியாமல் நிறுத்து, அதே எடைக்குப் புது நூலை வெட்டுங்கள். முடிச்சையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும். எல்லா நூலும் ஒரே நீளம் இல்லையென்றால் தட்டு சாய்ந்து தொங்கும். எடை அதனால் மாறாது. ஆனால் தூளைப் போட்டால் வழிந்து கொட்டும். சுழி இன்னும் சற்றுப் பிசகினால் தட்டின் அடி முடிச்சில் நூலைச் சேர்த்தோ குறைத்தோ சரிசெய்யலாம். கோலிலும் குண்டிலும் கைவைக்க வேண்டாம்.

ரங்கூன் மழை மே பிற்பகுதியில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அந்த மாதங்களில் பட்டு நூல் ஈரம் குடித்துச் சுழியை நகர்த்தும், பெட்டிக்குள் பூஞ்சணம் பூக்கும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் பெட்டியோடு ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். எலும்பு வளையும், மரம் வெடிக்கும். வளைந்த கோலை நிமிர்த்த வழி இல்லை. பெட்டியை மூடும்போது குண்டு அதன் குழிக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் தள்ளுங்கள். குழி தவறிய குண்டு தட்டில் வடு விழச் செய்யும், அச்சு ஆணியையும் பிதுக்கிவிடும்.